மார்ட்டின் லூதர் கிங் நாள்: பல்கலைக்கழக வளாகங்களில் அதிகம் பேசப்படாத பாதி

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வகுப்பு கிடையாது. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை ஒட்டிய விடுமுறை அது. முதல் வருடம் அங்கே படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அது மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஓய்வு. கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களுக்கு, தன் கனவைப் பற்றி உலகப் புகழ் பெற்ற உரை ஒன்றை ஆற்றிய கறுப்பினத் தலைவரை நினைவுகூரும் நாள்.

அவர் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று அந்த ஊருக்கு எதற்காக வந்திருந்தார் என்று கேட்டால்தான் பலரும் யோசிக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கே இருக்கும் மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக நிற்க வந்திருந்தார். எங்கள் சங்கத்தை நகர நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும், சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துத் தர வேண்டும் என்பவை அந்தத் தொழிலாளர்களின் முக்கியக் கோரிக்கைகள். ஒரு மாபெரும் தலைவர் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. அது புரிந்தால்தான் வளாகங்களில் நடக்கும் கிங் நாள் நிகழ்ச்சிகளில் எது அவருக்கு நெருக்கமானது, எது வெறும் மாலை மரியாதை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இந்த விஷயத்தை முதல்முறையாகக் கேள்விப்படுபவர்களுக்காக அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இது எப்படிப்பட்ட விடுமுறை?

கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். நான்கே நாளில், மிஷிகன் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ், கிங்கின் பிறந்தநாளான ஜனவரி 15ஐ விடுமுறையாக்கக் கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாக 15 ஆண்டுகள் ஆயின. 1979இல் பிரதிநிதிகள் சபையில் ஐந்தே வாக்குகளில் தோற்றது. கடைசியில் 1983 நவம்பர் 2 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். முதல் விடுமுறை 1986 ஜனவரி 20 அன்று வந்தது.

சட்டம் வரும்வரை தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. நியூயார்க் மருத்துவமனை ஊழியர்களின் சங்கம் போன்றவை, கிங் பிறந்தநாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாகத் தங்கள் ஊதிய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கின. நாடாளுமன்றம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் ஆயாக்களும் சமையல் ஊழியர்களும் அதைக் கேட்டுப் பெற்றுவிட்டார்கள். இந்த விடுமுறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது தேசிய விடுமுறை என்றாலும், அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது மத்திய அரசு அலுவலகங்களைத்தான். மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட வேண்டும். எல்லா மாநிலங்களும் வழிக்கு வர 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது. வகுப்பை நிறுத்துவதா வேண்டாமா என்பதையும் பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே முடிவு செய்தன. அதனால் பல வளாகங்களில் இந்த நாளையே மாணவர்கள் போராடித்தான் பெற்றார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 1987இல் கறுப்பின மாணவர்கள் நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று, கிங் நாளன்று வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்பது. இன்று அந்தப் பல்கலைக்கழகம் கிங் பெயரில் பெரிய கருத்தரங்கையே ஆண்டுதோறும் நடத்துகிறது.

1994இல் இன்னொரு சட்டம் வந்தது. ஹாரிஸ் வாஃபர்ட், ஜான் லூயிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரும் முன்னெடுத்த அந்தச் சட்டம், கிங் நாளைத் தேசியச் சேவை நாளாக்கியது. வீட்டில் படுத்துக் கிடக்காமல் ஊருக்கு ஏதாவது செய்யுங்கள் என்பது அதன் நோக்கம். மாணவர்கள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பதும், உணவு வங்கியில் பொட்டலம் கட்டுவதும் பெரிதாகப் பரவியது இதற்குப் பிறகுதான்.

வளாகத்தில் என்ன நடக்கும்?

பெரிய அரங்கில் சிறப்பு விருந்தினர் ஒருவர் உரையாற்றுவார். பல இடங்களில் பாடகர் குழு பாடும். காலையில் ஒரு நினைவு ஊர்வலம் போகும். பிறகு சேவைப் பணிகள். இவற்றோடு சில வளாகங்களில் 'டீச்-இன்' என்ற ஒன்றும் உண்டு. பாடத்திட்டத்துக்கு வெளியே, அன்றைய பிரச்சினை ஒன்றைப் பற்றிப் பேராசிரியர்களும் மாணவர்களும் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசும் திறந்த வகுப்பு அது. வியட்நாம் போரை எதிர்த்து 1965 மார்ச்சில் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் விடிய விடிய நடந்ததுதான் முதலாவது.

கிங்குக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நேரடி உறவும் உண்டு. மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்து 1948இல் பட்டம் பெற்றார். பாஸ்டன் பல்கலைக்கழகம் 1955இல் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. அவருடைய கடிதங்கள், கையெழுத்துப் படிகள் போன்ற ஆவணங்களில் ஒரு பெரும் பகுதி பாஸ்டனில் இருக்கிறது. அவருடைய ஆவணங்களைப் பதிப்பிக்கும் வேலையை, அவர் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் கேட்டுக்கொண்டபடி, 1985 முதல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்துவந்தார்கள். 1967 ஏப்ரலில் அதே ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து கிங் ஒரு உரை ஆற்றினார். ஒரே நாட்டுக்குள் இரண்டு அமெரிக்காக்கள் இருக்கின்றன, ஒன்றில் செல்வம் கொழிக்கிறது, இன்னொன்றில் வேலையும் வீடும் இல்லாமல் மக்கள் வாடுகிறார்கள் என்பது அதன் சாரம். வளாக நிகழ்ச்சிகளில் கனவைப் பற்றிய 1963 உரை ஒலிபரப்பாகும் அளவுக்கு இது ஒலிபரப்பாவதில்லை.

சேவை நாளை நான் குறைத்துப் பேசவில்லை. உணவு வங்கிக்கு ஆள் வேண்டும், மாணவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்களில் முழுநேரம் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்க உழைத்த ஒருவர் ஏன் இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது? கிங் தன் கடைசி வருடங்களில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். சேவை மட்டும் நடந்து இந்தக் கேள்வி எழாமல் போனால், அந்த நாளில் பாதி கிங்தான் இருக்கிறார்.

இதுவரை பார்த்தது: கிங் நாள் 1986இல் தொடங்கிய தேசிய விடுமுறை; அதைப் பல வளாகங்களில் மாணவர்கள் கேட்டுப் பெற்றார்கள்; 1994க்குப் பிறகு அது சேவை நாளாக உருவெடுத்தது. இனி அந்த மறுபாதிக்கு வருவோம்.

தொழிலாளர் பக்கம் நின்ற கிங்

நிறவேற்றுமைக்கு எதிராகப் போராடியவர், கடைசி காலத்தில் தொழிலாளர் பக்கம் திரும்பினார் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. ஆரம்பத்திலிருந்தே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நடந்த மாண்ட்கமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்புதான் கிங்கை நாடறியச் செய்தது. அந்த ஊர்ப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுக்கப் போனவர்களில் முக்கியமானவர் இ. டி. நிக்சன். ரயிலின் படுக்கை வசதிப் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத்துக்கு அந்த ஊர்த் தலைவர் அவர். சங்கத்தில் ஆள் திரட்டிப் பழகிய அனுபவம் அந்தப் போராட்டத்துக்கு அடித்தளமாக இருந்தது. அதே சங்கத்தை உருவாக்கியவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் நடந்த பேரணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கிங் கனவைப் பற்றிப் பேசியது அந்தப் பேரணியில்தான்.

பேரணியின் முழுப் பெயரில் வேலை, விடுதலை இரண்டும் இருந்தன. வேலை என்பதுதான் முதலில் வந்தது. கோரிக்கைப் பட்டியலில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 2 டாலராக உயர்த்த வேண்டும் என்பதும் இருந்தது. அன்று அது 1.15 டாலர். காலப்போக்கில் கனவு நிலைத்துவிட்டது, 2 டாலர் மறந்துபோனது.

1961இல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மாநாட்டில் பேசும்போது கிங் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். தொழிலாளர்களை வெறுப்பவரும் கறுப்பினத்தவரை வெறுப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஒரு வாயால் இதையும் இன்னொரு வாயால் அதையும் பேசும் இரட்டைத் தலைப் பிராணி என்றார். 1964இல் அட்லாண்டாவில் பேனா தயாரிக்கும் ஸ்க்ரிப்டோ ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்த கிங் அவர்களுக்கு ஆதரவாக நின்றார்.

சங்க அங்கீகாரம் என்றால் என்ன?

ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்வோம். பத்துக் குடித்தனம். தண்ணீர் மோட்டார் பழுது. ஒவ்வொருவராகப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டால், பிடிக்கவில்லை என்றால் காலி பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார். அடுத்த வாரமே வேறு ஆள் குடிவந்துவிடும். பத்துக் குடித்தனமும் சேர்ந்து, எங்கள் சார்பில் இன்னார் பேசுவார், அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அதுவரை யாரும் வாடகை தர மாட்டோம் என்று நின்றால், அவர் பத்து வீட்டையும் ஒரே நாளில் காலி செய்ய வைக்க முடியாது. பேசித்தான் ஆக வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் இப்படிச் சேர்ந்து பேசுவதற்குப் பெயர் கூட்டுப் பேரம். சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு, விடுப்பு ஆகியவற்றைத் தொழிலாளர்கள் தனித்தனியாகக் கெஞ்சாமல், தங்கள் பிரதிநிதிகள் மூலம் நிர்வாகத்தோடு பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது.

அந்தப் பிரதிநிதிகளோடு பேசுகிறேன் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்வதுதான் சங்க அங்கீகாரம். இது இல்லாத சங்கம், பேச அழைக்கப்படாத சங்கம். நிர்வாகம் மனமிரங்கிச் சம்பளத்தைக் கூட்டலாம், மனம் மாறி நாளையே குறைக்கவும் செய்யலாம். அங்கீகாரமும் ஒப்பந்தமும் இருந்தால் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

மூன்றாவதாகச் சந்தா பிடித்தம். உறுப்பினர் எழுதிக் கொடுத்தால், மாதச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்து நிர்வாகம் சங்கத்துக்கு அனுப்பிவிடும். கணக்குப் பிள்ளை வேலை போலத் தெரியும் இதில்தான் சங்கத்தின் உயிர் இருக்கிறது. பிடித்தம் இல்லாவிட்டால் சங்கத்து ஆள் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் காசு வாங்க வேண்டும். மேற்பார்வையாளர் பார்க்கும்போது யார் காசு கொடுப்பார்கள்? பட்டினி கிடக்கும் வீட்டில் சங்கத்துக்கென்று எப்படி எடுத்து வைப்பார்கள்? சில மாதத்தில் சங்கம் தானாகக் கரைந்துவிடும்.

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், தனியார் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையைக் கொடுத்தது. பெரும்பான்மைத் தொழிலாளர்கள் ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்தால் முதலாளி அதனோடு பேசியாக வேண்டும். ஆனால் விவசாயத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், மாநில, நகராட்சி ஊழியர்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். தென்மாநிலங்களில் முதல் இரண்டு வேலைகளிலும் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பினத்தவர். நகராட்சிக் குப்பை வண்டியிலும் அவர்களே இருந்தார்கள். இனவெறியும் உழைப்புச் சுரண்டலும் ஒரே சட்டத்தின் ஓட்டைக்குள் சந்தித்துக்கொண்டன.

சுருக்கமாக: சேர்ந்து பேசுவது கூட்டுப் பேரம், அந்தப் பேச்சை நிர்வாகம் ஏற்பது அங்கீகாரம், சங்கத்தைத் தொடர்ந்து உயிரோடு வைப்பது சந்தா பிடித்தம். மெம்பிஸ் நகராட்சித் தொழிலாளர்களுக்கு இவற்றில் எதையும் சட்டம் கொடுக்கவில்லை.

மெம்பிஸ், 1968

மெம்பிஸில் குப்பை அள்ளியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர். வீட்டுக் கொல்லைப்புறம் வரை போய், குப்பையைப் பெரிய தொட்டிகளில் கொட்டி, தலையிலோ தோளிலோ சுமந்து லாரிக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டிகளில் ஓட்டை. அழுகிய தண்ணீர் மேலெல்லாம் வழியும். முழு நேரம் உழைத்தும், ஏழைகளுக்கான அரசு உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்குத்தான் பலருக்குச் சம்பளம். மழை வந்தால் கறுப்பினத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளையின மேற்பார்வையாளர்களுக்கு முழு நாள் சம்பளம் கொடுப்பார்கள். 1963இல் சங்கம் அமைக்க முயன்றவர்கள் வேலையை இழந்தார்கள். அப்படி வேலை போன டி. ஓ. ஜோன்ஸ் என்பவர்தான் விடாமல் சங்கத்தைக் கட்டினார்.

1968 பிப்ரவரி 1 அன்று கடும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் லாரியின் பின்பக்கத்தில், குப்பை போடும் இடத்தில் ஒதுங்கினார்கள். பழைய லாரி. குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கி, இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கிக் கொன்றது. மணிக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளர்கள் என்பதால் குடும்பங்களுக்கு முறையான இழப்பீடு கிடையாது. ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்து நகர நிர்வாகம் கணக்கை முடித்துக்கொண்டது.

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. மேயர் ஹென்றி லோப், நகராட்சி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் என்றார். வேலைக்குத் திரும்பினால்தான் பேச்சு, சங்க அங்கீகாரம் என்பதற்கே இடமில்லை, சந்தா பிடித்தம் கிடையவே கிடையாது என்று பிடிவாதமாக நின்றார். பிப்ரவரி 23 அன்று ஊர்வலம் போனவர்களின் முகத்தில் போலீஸ் கண்ணெரிச்சல் திரவத்தைப் பீய்ச்சியது. அதன் பிறகு ஊரிலுள்ள கறுப்பினத் தேவாலயங்கள் எல்லாம் தொழிலாளர்கள் பக்கம் திரண்டன. நகர மையத்துக் கடைகளைப் புறக்கணித்தார்கள். நானும் மனிதன் என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொழிலாளர்கள் தினமும் வரிசையாக நடந்தார்கள்.

இந்த ஆதரவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் லாசன் என்ற பாதிரியார். இவருக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1953இல் நாக்பூருக்கு வந்து ஹிஸ்லப் கல்லூரியில் பணிபுரிந்தார். காந்தியின் போராட்ட முறைகளை இங்கேயே தங்கிப் படித்தார். ஊர் திரும்பி ஓபர்லின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1957இல் கிங் அவரைச் சந்தித்து, படிப்பு முடியும்வரை காத்திருக்காதே, உடனே தெற்கே வா என்று அழைத்தார். பதினோரு ஆண்டு கழித்து லாசன் கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தார்.

மார்ச் 18 அன்று கிங் வந்தார். மேசன் டெம்பிள் என்ற பெரிய தேவாலயத்தில் இடம் கொள்ளாத கூட்டம். நம் குப்பையை அள்ளுபவர் மருத்துவருக்குச் சமமானவர், அவர் தன் வேலையைச் செய்யாவிட்டால் நோய்கள் பரவிவிடும், எல்லா உழைப்புக்கும் கண்ணியம் உண்டு என்றார். உணவகத்தில் வெள்ளையரோடு சமமாக உட்காரும் உரிமை கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு ஹாம்பர்கரும் காபியும் வாங்கக் கையில் காசில்லை என்றால் அந்த உரிமையால் என்ன பயன் என்று கேட்டார். ஒரு நாள் ஊர் முழுக்க வேலையை நிறுத்துவோம், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் போக வேண்டாம், மாணவர்கள் பள்ளிக்குப் போக வேண்டாம் என்ற யோசனையையும் சொன்னார். குறித்த நாளில் மெம்பிஸில் வழக்கத்துக்கு மாறாகப் பனி கொட்டியதால் அது தள்ளிப்போனது.

மார்ச் 28 அன்று நடந்த பேரணி கலவரத்தில் முடிந்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அமைதி வழியில் ஒரு பேரணி நடத்திக் காட்டாமல் விடக் கூடாது என்று கிங் திரும்ப வந்தார். ஏப்ரல் 3 இரவு பேசினார். மறுநாள் மாலை லொரேன் விடுதியின் மாடி நடைபாதையில் நின்றபோது சுடப்பட்டார். வயது 39.

ஏப்ரல் 8 அன்று, கணவரின் அடக்கத்துக்கு முந்தைய நாள், கொரெட்டா ஸ்காட் கிங் மெம்பிஸுக்கு வந்து, அவர் நடத்த நினைத்த பேரணியைத் தானே முன்னின்று நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் ஓசையில்லாமல் நடந்தார்கள். ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் இறங்கிவந்தது. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. மணிக்கு முதலில் 10 சென்ட், பிறகு 5 சென்ட் ஊதிய உயர்வு. சந்தா பிடித்தத்துக்கு மட்டும் ஒரு சுற்று வழி கண்டுபிடித்தார்கள். நகர நிர்வாகம் நேரடியாகச் சங்கத்துக்குக் கொடுக்காது. ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வழியாகப் பணம் போய்ச்சேரும். மேயரின் கௌரவமும் காப்பாற்றப்பட்டது, தொழிலாளர் கேட்டதும் கிடைத்தது.

டியூக் பல்கலைக்கழகம்: சட்டம் வருமுன் நடந்த கிங் நினைவு

கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5, வடகரோலினாவின் டர்ஹம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்ததை ஒவ்வொரு வளாகத்திலும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வளாகத்தில் கிங்கை நினைவுகூர்வது எப்படி இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டியூக் வசதியான வெள்ளையினக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் இடம். இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியே ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. விடுதி அறைகளைச் சுத்தம் செய்தவர்களும் உணவுக்கூடத்தில் வேலை செய்தவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆலிவர் ஹார்வி என்ற துப்புரவுத் தொழிலாளி அதை உருவாக்கப் பல ஆண்டு பாடுபட்டிருந்தார். அங்கீகாரம் மட்டும் இல்லை. பொதுவான தேசியக் குறைந்தபட்ச ஊதியம் அப்போது மணிக்கு 1.60 டாலர். பல்கலைக்கழகங்கள் அந்தச் சட்டத்துக்குள் புதிதாக வந்திருந்ததால், அதைவிடக் குறைவாகக் கொடுக்க அவற்றுக்கு அனுமதி இருந்தது.

கிங்குக்கு அஞ்சலி செலுத்தக் கூடிய மாணவர்கள், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கலைந்துபோகவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் டக்ளஸ் நைட்டின் வீட்டுக்கு நடந்தே போனார்கள். வளாகத் தொழிலாளர்களுக்கு 1.60 டாலர் கொடுங்கள், கூட்டுப் பேரத்துக்கு வழி செய்யக் குழு அமையுங்கள், கறுப்பினத்தவரைச் சேர்க்காத மனமகிழ் மன்றத்திலிருந்து நீங்கள் விலகுங்கள் என்று கேட்டார்கள். இரண்டு இரவு அந்த வீட்டிலேயே தங்கினார்கள். பிறகு தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் புல்வெளிக்கு இடம் மாறினார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கூடிவிட்டது. குறிப்பிட்ட நேரங்கள் தவிர யாரும் பேசக்கூடாது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு, மழையிலும் குளிரிலும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், மாணவர்கள் உணவுக்கூடத்தைப் புறக்கணித்தார்கள்.

சில நாட்களில் பல்கலைக்கழக அறங்காவலர் குழுத் தலைவர் ரைட் டிஸ்டேல் புல்வெளிக்கு வந்து, ஊதியத்தைப் படிப்படியாக 1.60 ஆக்குவோம் என்று அறிவித்தார். மாணவர்களோடு கைகோத்து நின்று உரிமைப் பாடலும் பாடினார். ஊதியம் கிடைத்தது, அங்கீகாரம் கிடைக்கவில்லை. முன்னே சொன்ன வேறுபாடு இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. கூலியைக் கூட்டுவது நிர்வாகத்துக்கு எளிது. அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வது கடினம். லாப நோக்கில்லாத தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும் என்று 1970இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் முடிவெடுத்த பிறகே டியூக் தொழிலாளர் சங்கத்துக்கு அங்கீகாரம் வந்தது.

பல்கலைக்கழகங்களின் நினைவாற்றல்

லாசனின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்த நாஷ்வில் நகர உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து நடத்திய போராட்டத்துக்குப் பயிற்சி கொடுத்தார் என்பதற்காக, 1960இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தன்னிடம் படித்துக்கொண்டிருந்த அவரை வெளியேற்றியது. அதைக் கண்டித்துப் பேராசிரியர்கள் சிலர் பதவி விலக முன்வந்தார்கள். அதே பல்கலைக்கழகம் பின்னாளில் மன்னிப்புக் கேட்டது, 2006இல் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது, இப்போது அவர் பெயரில் ஆய்வு நிறுவனம் ஒன்றையும் நடத்துகிறது. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் ஆய்வு மையக் கட்டடத்துக்கும் அவர் பெயர்தான். லாசன் 2024இல், 95 வயதில் காலமானார்.

கிங்குக்கும் இதுவே நடந்தது. 1966இல் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்கள் அவர்மேல் நல்ல எண்ணம் இல்லை என்று சொன்னார்கள். இன்று அவரை மறுப்பவர்களைக் காண்பது அரிது. உயிரோடு இருந்தபோது தொந்தரவாக இருந்த பகுதியைக் கழித்துவிட்டால் யாரை வேண்டுமானாலும் எல்லோரும் கொண்டாட முடியும். கிங் விஷயத்தில் கழிக்கப்பட்டது பெரும்பாலும் அவருடைய சம்பளக் கணக்கு.

நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்க வளாகத்தில் இருப்பவர்கள் ஜனவரி நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். மெம்பிஸ் பற்றியோ, தொழிலாளர் பற்றியோ ஒரு அமர்வாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதற்கு முதலில் போங்கள். இல்லாவிட்டால், 1968 மார்ச் 18 உரையைச் சேர்ந்து வாசிக்க ஒரு சின்னக் கூட்டத்தை மாணவர்களே நடத்தலாம். அதற்கு ஒரு வகுப்பறை போதும்.

அப்புறம் ஒரு விஷயம். நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைச் சுத்தம் செய்பவர் யாருடைய ஊழியர் என்று விசாரித்துப் பாருங்கள். பல வளாகங்களில் துப்புரவும் உணவுக்கூடமும் வெளி ஒப்பந்த நிறுவனங்களிடம் போய்விட்டன. அந்த ஊழியர் தினமும் வந்து போவது பல்கலைக்கழகத்துக்கு, சம்பளம் தருவது இன்னொரு நிறுவனம். சங்கம் யாரிடம் அங்கீகாரம் கேட்பது? நிறுவனத்தைக் கேட்டால், பல்கலைக்கழகம் கொடுக்கும் தொகை இவ்வளவுதான் என்கிறது. பல்கலைக்கழகத்தைக் கேட்டால், அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை என்கிறது. அரங்கில் கேள்வி நேரம் வரும்போது இதை எழுந்து கேளுங்கள். மேடையில் பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து ஒருவராவது இருப்பார், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.